இடது கை வார்த்தைகள்

திண்டிவனத்தில் விழுப்புரம் வண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அக்கா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொள்வார். வண்டி நகர்ந்து கடைப் பலகைகள் பின்னால் ஓட ஆரம்பித்தால் பையின் மேல் அவருடைய விரல்கள் மெல்ல அசையும். பக்கத்தில் இருப்பவர்கள் ஜெபம் பண்ணுகிறார் என்றுதான் நினைப்பார்கள். அவர் பலகைகளில் உள்ள ஆங்கில வார்த்தைகளை டைப் அடித்துக்கொண்டு வருவார்.

"ஸ்வீட்ஸ், இடது" என்பார். "பஜார், இடது. அதோ பாரு, ஆயில் மில். ரெண்டு வார்த்தையுமே வலது."

டைப்பிங் படிக்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆங்கில மிஷினில் எழுத்துகள் நடுவில் கோடு கிழித்ததுபோல இரண்டு பாதியாக இருக்கும். ஏ, எஸ், டி, எஃப் இருக்கும் பாதி இடது கைக்கு. ஜே, கே, எல் இருக்கும் பாதி வலது கைக்கு. எந்த எழுத்தை எந்த விரல் தொட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு மாற்றக் கூடாது. பெரும்பாலான வார்த்தைகளுக்கு இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். சில வார்த்தைகள் மட்டும் ஒரே கையோடு முடிந்துவிடும். அட்ரஸ், ஸ்டேட், வாட்டர், டாக்ஸ் எல்லாம் இடது கை. யூ, மை, யூனியன், ஆனியன் எல்லாம் வலது கை.

"படிச்சு வாங்கற டிகிரியும் இடதுதான், கோர்ட்டுல வாங்கற டிக்ரியும் இடதுதான்" என்று ஒருநாள் கண்டுபிடித்துச் சொன்னார். அன்று முழுக்க அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது.

விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம் அது. புதுப்புது ஆபீசுகள் வந்துகொண்டிருந்தன. ஆபீசுக்கு ஆபீஸ் மனு போனது. டைப் தெரிந்த பெண்களுக்கு எங்கேயாவது ஒரு நாற்காலி கிடைத்தது. நானும் அவரும் திண்டிவனத்தில் ஒரே இன்ஸ்டிடியூட்டில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் படித்தவர்கள். அவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், பெருமுக்கல் பக்கத்தில் விவசாயக் குடும்பம். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விழுப்புரத்தில் கோர்ட்டுக்கு எதிரில் ஒரு வக்கீலிடம் அவர் டைப்பிஸ்ட் ஆனார். அதே வரிசையில் அடுத்த அறையில் இருந்த ஜாப் டைப்பிங் கடையில் நான் சேர்ந்தேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் அடிப்பது எனக்குக் கேட்கும், நான் அடிப்பது அவருக்குக் கேட்கும்.

"இன்னாடி, காத்தால டிபன் சாப்புடலியா? கை சோந்து போவுது" என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். சரியாகத்தான் இருக்கும்.

ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல அவருக்கு மனம் இல்லாவிட்டால் பேச்சைக் கைக்குக் கொண்டுபோய்விடுவார். இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். எல்லாம் பொருந்தி வந்தது என்று அவருடைய அண்ணன் எங்கள் கடை வாசல்வரை வந்து என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். பிறகு பார்த்தால் இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஏன்க்கா?"

"அந்தாளு பேரு முழுக்க இடது கையிலயே வருதுடி. ஆயுசுக்கும் எனக்கு ஒரு கை சும்மா கெடக்கும்."

நான் சிரித்துவிட்டேன். பஸ்ஸில் இரண்டு மூன்று ஊர் தாண்டிய பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே, "வேலைய வுட்டுடணுமாம்" என்றார். அதற்குப் பிறகு வந்த வரன்களுக்கும் ஒவ்வொரு கைக் காரணம் இருந்தது. நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

விபத்து நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வீட்டில் மல்லாட்டை உடைத்து வேர்க்கடலைப் பருப்பைப் பிரிக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் பற்றவில்லை என்று இவரும் போய் நின்றிருக்கிறார். சாக்கு ஒன்று பெல்ட் பக்கம் இழுபட, அதைப் பிடித்து இழுத்தவரின் வலது கையும் கூடவே போய்விட்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது கை முழுக்கக் கட்டு. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் மிஞ்சியிருந்தன. மற்ற மூன்றும் இல்லை.

அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி அழுதுகொண்டிருந்தார். நல்ல மனிதர். "போதும்மா. நீ இனிமே எங்கியும் போவ வேணாம். ஊட்டோட இரு. உனக்கு ஒரு வாய் சோறு நான் போட மாட்டனா?"

"சோறு நீ போடுவண்ணா" என்றார் இவர். "மீதி நேரத்துல நான் இன்னா பண்றது?"

அண்ணன் எழுந்து மருந்துச் சீட்டோடு வெளியே போனார்.

கை ஆறியதும் வேலைக்கு வந்துவிட்டார். முதல் நாள் பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தார். விரல்கள் அசையவில்லை. நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தேன். ஊர் எல்லையில் அந்த ஆயில் மில் பலகை வந்தது. "இது இனிமே நமக்கு ஆவாதுடி" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

வக்கீல் மோசமானவர் இல்லை. கண்டிப்பானவர். டைப் அடிக்க முடியுமா என்று ஒரு முறை கேட்டார். முடியும் சார் என்று இவர் சொன்னார். அதோடு அவர் விட்டுவிட்டார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இடது பக்க எழுத்துகள் வந்தால் பழையபடி ஓடும். வலது பக்கம் வந்ததும் அந்த ஒற்றை விரல் ஒவ்வொன்றாகத் தேடித் தேடிக் குத்தும். மறுபடி ஓடும், மறுபடி நொண்டும். மதியத்துக்குள் முடிக்க வேண்டிய மனு சாயங்காலம் ஆகியும் முடியாது. அக்கா மதியம் சாப்பிடுவதை நிறுத்தினார்.

ஒருநாள் வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்த நேரம். நான் அந்தப் பக்கம் போய், "தள்ளி உக்காருங்கக்கா" என்று அவருடைய வலது பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். "இடது நீங்க அடிங்க. வலது நான் அடிக்கறேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

"அடிங்கக்கா."

முதலில் விழுப்புரம் என்ற ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தோம். முதல் எழுத்து அவருடையது. அடுத்து ஆறு எழுத்து என்னுடையது. நான் முடிப்பதற்குள் அவர் அவசரப்பட, எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கி நின்றன. பிரித்துவிட்டு மறுபடி அடித்தோம். இந்தத் தடவை நான் தாமதம். தாளில் இருந்தது எந்த ஊரும் இல்லை. அவர் சிரிக்க ஆரம்பித்தார். கை போனபிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் பிடிபட்டுவிட்டது. பல வருஷமாக ஒருவர் அடிப்பதை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இல்லையா. ஒரு பக்க மனுவை இரண்டு பேருமாக முடித்தோம். பிழை இல்லை.

தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார். "ஆனா வேணாம்டி."

"ஏன்? தெனமும் ஒரு மணி நேரம் நான் வர்றேன்."

"நீ வருவ. நாளைக்கே உனக்குக் கல்யாணம் ஆயி நீ போய்ட்டா? உன் கையில பழக்கப்பட்டுட்டு அப்புறம் நான் இன்னா பண்ணுவேன்? எழுந்துரு, வக்கீல் வந்துடுவாரு."

நான் எழுந்து என் அறைக்கு வந்துவிட்டேன். எனக்குக் கோபம்தான்.

அடுத்த சில வாரங்களில் தடுப்புக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் மாறியது. நொண்டுவது குறைந்தது. நீளநீளமாக ஓடியது, எப்போதாவதுதான் தடுக்கியது. பழகிக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு மறுபடி என்னோடு உட்கார்ந்தார். வக்கீல்கூட, "பரவாயில்லையே, வேகம் வந்துடுச்சே" என்று சொன்னாராம். அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் பெருமை எதுவும் இல்லை. டப்பாவை மூடிக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்.

ஏறக்குறைய ஆறு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் சாயங்காலம் இருவரும் திண்டிவனம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். விக்கிரவாண்டி நெருங்கும்போது பையின் மேல் அசைந்துகொண்டிருந்த அவருடைய இடது கை சட்டென்று நின்றது. எழுந்துவிட்டார்.

"இன்னாக்கா?"

"எறங்கணும். நீ போ. நான் வர்றேன்."

"இங்க எங்க எறங்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே நானும் அவருக்குப் பின்னால் இறங்கினேன். ஹைவேயைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றோம். விழுப்புரம் போகிற வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் சொன்னார்.

அவர் பழகிக்கொள்ளவில்லை. வார்த்தைகளை மாற்றிக்கொண்டிருந்தார். வக்கீல் சொல்லச் சொல்ல, மிஞ்சிய இரண்டு விரலில் பென்சிலைப் பிடித்துச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டு வந்து, டைப் அடிக்கும்போது, வலது கைக்கு வேலை வைக்கும் வார்த்தைகளைத் தள்ளிவிட்டு அதே அர்த்தம் வரும் இடது கை வார்த்தைகளைப் போட்டிருக்கிறார். 'மிகவும் பணிவுடன் சமர்ப்பிக்கிறார்' என்று வக்கீல் சொன்னதெல்லாம் வெறும் 'ஸ்டேட்ஸ்' ஆகியிருக்கிறது. 'அதன்பேரில்' என்பதற்கான 'அப்பான்' வந்த இடமெல்லாம் 'ஆஃப்டர்'. 'பெற' என்பதற்கான 'அப்டெய்ன்' வந்தால் 'கெட்'. 'ஒபினியன்' ஏழு எழுத்தும் வலது கை. அதை அறவே ஒழித்துவிட்டிருந்தார். மாற்று வார்த்தை இல்லாத இடங்களில், இல்லாவிட்டாலும் குடி முழுகாது என்று தோன்றினால் விட்டுவிட்டிருக்கிறார். ஊர், திசை, சர்வே நம்பர், தொகை ஆகியவற்றில் கை வைத்ததில்லை.

"இன்னிக்கு 'ஒன்லி'ய வுட்டுட்டேன்டி" என்றார்.

அன்று அவர் அடித்தது ஒரு சமரச மனு. யாரோ ஒரு அண்ணன் தம்பிக்கு ஒரு கிணறு பற்றி நெடுநாள் வழக்கு. வக்கீல் அண்ணனுடைய தரப்பு. கடைசியில் பேசி முடித்து, கிணறு அண்ணனுக்கு, தம்பிக்குத் தண்ணீர் எடுக்கும் உரிமை மட்டும் என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். அந்த 'மட்டும்' ஆங்கிலத்தில் 'ஒன்லி'. நாலு எழுத்தும் வலது கை. சின்ன வார்த்தை. மற்ற மனுக்களில் விட்டுப் பழகிய வேகத்தில் இதிலும் கை தாண்டிப் போய்விட்டது. அது இல்லாவிட்டால் நாளைக்குத் தம்பி கிணற்றிலேயே பங்கு கேட்கலாம். மறுநாள் காலையில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வருகிறார்கள்.

"காலைல மொதோ வண்டியில வந்து யாருக்கும் தெரியாம திருத்திடலாம்க்கா. பக்கம் மாத்தி வெச்சுட்டா யாரு பாக்கப் போறாங்க?" என்றேன்.

"பேப்பரு அவரு ஊட்ல இருக்குது" என்றார். பிறகு, "அதுக்காவ சொல்லல. திருத்திட்டா, அப்புறம் நாளான்னிக்கு வேற ஒண்ண வுடுவேன்" என்றார்.

வக்கீல் வீட்டு வாசலில் விளக்குப் போட்டிருந்தார்கள். அவர் பனியனோடு கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். நான் கதவு ஓரமாக நின்றுகொண்டேன். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மறந்து விடவில்லை, வேண்டுமென்றே விட்டது என்று சொன்னார். இந்த மனு ஒன்றில் இல்லை, ஆறு மாதமாக என்று சொன்னார். சொல்லும்போது வலது கையைத் தலைப்புக்குள் மறைக்கவில்லை.

வக்கீலுக்கு முதலில் புரியவில்லை. "வலது கை வார்த்தைன்னா என்ன?" என்று கேட்டார். இவர் டீப்பாய் மேல் அடித்துக் காட்டினார். அவர் அந்த வலது கையைப் பார்த்தபடி சொன்னார்.

"கஷ்டம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேலைய வுட்டு நிறுத்திடுவீங்க சார்."

"இப்ப மட்டும் நிறுத்த மாட்டேனா?"

"நிறுத்துங்க சார். ஆனா அந்தப் பக்கத்த நான் மறுபடி அடிச்சுக் குடுத்துடறேன்."

வக்கீல் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "நான் பேசறத நீ அடிக்கணும்" என்றார். "ஆறு மாசமா என் பேர்ல நீ பேசியிருக்க. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அது உனக்குத் தப்பாத் தெரியலையா?"

"தெரிஞ்சுது சார்" என்றார் அக்கா. "தெரிஞ்சேதான் பண்ணேன்."

உள்ளேயிருந்து வக்கீலின் மனைவி இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினோம். திண்டிவனத்தில் இறங்கும்போது, "பசிக்குதுடி" என்றார். இருவரும் ஸ்டாண்டு பக்கத்தில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில் அந்தப் பக்கத்தை அக்காவே அடித்துக் கொடுத்தார். அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். வக்கீல் ஜூனியரை உட்காரவைத்து ஆறு மாதத்து நகல்களையும் படிக்கச் சொன்னார். வேறு எதிலும் அர்த்தம் கெடவில்லை. அப்படியும் அவருக்கு மனம் ஆறவில்லை. அதில் எனக்கு அவர்மேல் குறை இல்லை. இனி தான் சொல்வதை அப்படியே அடிக்க வேண்டும், முடியாவிட்டால் முடியாது என்று சொல்ல வேண்டும் என்றார். அக்கா அப்படியே அடித்தார். 'பணிவுடன்' எல்லாம் திரும்பி வந்தது, நொண்டலும் திரும்பி வந்தது. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் காதைப் பொத்திக்கொள்ள முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அவரே வக்கீலிடம் போய், "நின்னுக்கறேன் சார்" என்றார். வக்கீல் தடுக்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன், இந்தப் பழைய மிஷினை எடுத்துக்கொண்டு போ என்றார். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு வாசல்வரை வந்தவர், யோசித்து, திரும்பிப் போய், "எடுத்துக்கறேன் சார்" என்றார்.

அந்த மிஷினோடு திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் முன்பக்கத்தில் உட்கார்ந்தார். இதற்குள் எனக்கும் கல்யாணமாகி நான் விழுப்புரத்துக்கே குடிவந்துவிட்டேன். ஊருக்குப் போகும்போது அவரைப் பார்ப்பேன். அங்கே அவருக்கு யாரும் டிக்டேஷன் கொடுப்பதில்லை. வருகிறவர்களிடம் குறை இருக்கும், வார்த்தை இருக்காது. மரக்காணம் பக்கத்துக் கடலோரத்திலிருந்து ஒரு அம்மா வந்து, வீட்டுப் பட்டா வராத கதையைத் தன் மாமனார் காலத்திலிருந்து ஆரம்பித்ததை ஒருநாள் நான் பார்த்தேன். அக்கா முழுக்கக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. உனக்கு இப்ப இன்னா வேணும்? அத ஒரு வார்த்தையில சொல்லு."

"பட்டா வேணும்."

"அப்ப அதத்தான் எழுதப் போறேன். உன் மாமனாரு கதைய அவங்க படிக்க மாட்டாங்க. நான் கேட்டுக்கறேன், நீ சொல்லு."

அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருக்க, இவர் அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு தமிழில் படித்துக்காட்டினார். ஏழெட்டு வரிதான் இருந்தது.

மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. கீபோர்டை இடது கைக்கு நேராக நகர்த்திவைத்துக்கொண்டு, இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்த விரல் கணக்கை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, இடது கையையே எல்லா எழுத்துக்கும் அனுப்பினார். வலது ஆட்காட்டி விரல் கூடமாட உதவி செய்யும். என் பெண் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள். வேலை கூடியது. நான் போவது குறைந்தது. சில வருஷம் போகவே இல்லை.

என் கணவர் இறந்தபோது பெண் காலேஜில் சேர்ந்திருந்தாள். காரியம் எல்லாம் முடிந்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுக்க வேண்டியிருந்தது. "இங்கயே கலெக்டர் ஆபீஸ் வாசல்ல அத்தனை பேரு இருக்காங்களேம்மா, எதுக்குத் திண்டிவனம்?" என்று பெண் கேட்டாள். எனக்கு வேறு யாரிடமும் சொல்லி அடிக்க முடியாதுபோல இருந்தது. பஸ் ஏறிப் போனேன்.

ஜெராக்ஸ் கடையில் கூட்டம் இருந்தது. அவருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார். அவ்வளவுதான். எழுந்து வந்து கட்டிக்கொள்ளவோ அழவோ இல்லை. உட்கார்ந்திருந்த ஒருவரை, "நீ கொஞ்ச நேரம் டீ குடிச்சுட்டு வா ராஜா" என்று அனுப்பிவிட்டு அந்த ஸ்டூலை எனக்கு இழுத்துப் போட்டார்.

"எப்போ?"

சொன்னேன்.

"ஒடம்புக்கு இன்னா?"

சொன்னேன். மற்றதெல்லாம் மனுவுக்கு வேண்டிய கேள்விகள். என் கணவர் பெயர், அவருடைய அப்பா பெயர், முகவரி, பெண்ணின் வயது. கேட்கக் கேட்க அடித்தார். நான் நிறுத்திய இடங்களில் திரையைப் பார்த்தபடி காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. ஒரு இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"இங்க 'விடோ'ன்னு ஒரு வார்த்த வரும்டி" என்றார். "எல்லா மனுவுலயும் அதத்தான் போடறது. அடிக்கறதுக்கும் சொகமான வார்த்த. ஒரு எழுத்து இந்தக் கை, ஒரு எழுத்து அந்தக் கை, மாத்தி மாத்தி நடந்து போற மாதிரி போவும்."

நான் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அத உனக்குப் போட மனசு வர்ல. 'ஒய்ஃப்'னு போடறேன். அவரு இல்லன்னு அவரு பேருக்கு முன்னாடியே போட்டாச்சு. உன்னப் பத்தி எதுக்கு இன்னொரு தரம்?"

"ஆபீஸ்ல ஏத்துக்குவாங்களாக்கா?"

"ஏத்துக்குவாங்க. யாருனா கேட்டா, அவரு பொண்டாட்டிதான் நான், வேற இன்னான்னு கேளு."

அடித்து முடித்துத் தாளை எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். மறுநாள் விழுப்புரத்தில் அந்த மனுவோடு வரிசையில் நின்றபோது அவர் சொல்லிக்கொடுத்த பதிலை மனதுக்குள் தயாராக வைத்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர் மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, சீல் குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.